கௌரி என்கிற ஆண்குதிரை

1

ஏற்காட்டிலிருந்து அப்பா எங்களைப் பார்க்க வந்து இறங்கிய அன்றே, விமான நிலையச் சோதனையில் அவர் பெட்டிக்குள் இருந்த கடிவாளத்தைப் பிடித்துவிட்டார்கள்.

காப்பித்தூளை விட்டார்கள். மிளகை விட்டார்கள். அடியில் பழைய வேட்டியில் சுற்றிவைத்திருந்த மூட்டையை அவிழ்த்ததும், சோதனை செய்த இளம்பெண் ஒரு அடி பின்னால் போய், வேறு கையுறை மாட்டிக்கொண்டு வந்தாள். உள்ளே தோல் வாரும் இரும்பும் எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று இருந்தன. அப்பா ஒரு காலத்தில் ஓட்டிய சிட்டு என்ற குதிரையின் கடிவாளம். குதிரைப் பைத்தியமான பேத்திக்கு அதைக் கொடுக்க வேண்டும் என்று யாரிடமும் சொல்லாமல் கொண்டுவந்திருந்தார்.

நாங்கள் இருப்பது ஐஸ்லாந்து. உலகப்படத்தில் இங்கிலாந்துக்கும் மேலே, கடலில் தனியாகக் கிடக்கிற தீவு. வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. வடக்கே ஒரு சின்ன ஊர். என் கணவர் ஜோசப் மீன் ஆலையில் எலக்ட்ரீஷியன், நான் முதியோர் இல்லத்தில் நர்ஸ். மகள் அனிதா ஆறு வயதில் இங்கே வந்தாள். அன்று அவள்தான் தாத்தாவை அழைத்துவர என்னோடு வந்திருந்தாள். சோதனைக்காரர்கள் மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று எங்களை உள்ளே கூப்பிட்டார்கள்.

அனிதா அந்தப் பெண்ணிடம் பேச ஆரம்பித்தாள். அவள் பேசுகிற வேகத்துக்கு என் ஐஸ்லாந்து மொழி இன்றும் ஈடுகொடுக்காது. குதிரை, தோல், பழசு என்று மூன்று வார்த்தைகள்தான் காதில் விழுந்தன. தாத்தாவுக்காகச் சண்டை போடுகிறாள் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது, அவள் அந்தப் பெண்ணோடு ஒத்துப்போய்த் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன கண்ணு, தோலுக்கு வரி கட்டச் சொல்றாங்களா?" என்றார் அப்பா.

அனிதா அவர் பக்கம் திரும்பினாள். தமிழில் வார்த்தை தேட அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "தாத்தா, இது உள்ள வரக்கூடாது. வேற குதிரை போட்டது. இங்க இருக்கிற குதிரைக்கெல்லாம் சீக்கு வந்துரும். நொம்ப சீக்கு."

மிச்சத்தை நான் சொன்னேன். இந்தத் தீவில் ஒரே ஒரு இனக் குதிரைதான் உண்டு. ஆயிரம் வருஷமாக வெளியிலிருந்து ஒரு குதிரையையும் உள்ளே விட்டதில்லை. அதனால் மற்ற நாட்டுக் குதிரைகளுக்கு வருகிற நோய்கள் இவற்றுக்குப் பழக்கமில்லை, எதிர்ப்பும் இல்லை. ஒரு தடவை என்னவோ இருமல் வந்து நாட்டில் இருந்த குதிரைகள் எல்லாமே மூக்கு ஒழுக நின்றன என்று இங்கே இன்னும் பேசுவார்கள். பழைய சேணமோ கடிவாளமோ, ஓட்டுகிறவன் போட்ட தோல் கையுறையோகூட உள்ளே வரக்கூடாது.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். சிட்டு செத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆச்சே, இன்னுமா அதில் சீக்கு ஒட்டியிருக்கும் என்று கேட்டார். சோதனைக்காரப் பெண் அது தனக்குத் தெரியாது, ஆனால் விதி அப்படி என்றாள். அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது போலிருக்கிறது.

"எரிச்சுப்போடச் சொல்லு கண்ணு" என்றார். "ஒரு ஊரு குதிரைக்கு நம்மளால ஒண்ணு ஆச்சுன்னா அது ஆகாது."

ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். தமிழில் அந்தோணிசாமி என்று போட்டார். ஊருக்கு ஐந்து மணி நேரக் கார்ப் பயணம். நான் சமாதானம் சொல்ல வாயைத் திறக்கும்போதெல்லாம் அவர் அனிதாவிடம் ஏதாவது கேட்டுக்கொண்டே வந்தார். இந்தக் குதிரைக்கு என்ன தீனி? கொள்ளு உண்டா? பனிக்காலத்தில் கொட்டகையில் கட்டுவார்களா, வெளியிலேயே விட்டுவிடுவார்களா?

அனிதா பின் சீட்டில் அழுதுகொண்டிருந்தாள். பதில் மட்டும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

2

சிட்டுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா கொட்டச்சேடு பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். விடிந்ததும் ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்துவிட்டு, அன்றைக்கு எந்தெந்தத் துண்டில் வேலை நடக்கிறதோ அங்கெல்லாம் போய்ப் பார்க்க வேண்டும். எஸ்டேட்டில் ஒரே ஒரு ஜீப். அது துரை ஊரில் இல்லாதபோதும் துரைக்குத்தான். நடந்து நடந்து முட்டி தேய்ந்த பிறகு, ஒரு ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தைக்குப் போய் ஒரு பெட்டைக்குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்தார். மலைப்பாதையில் மெதுவாக நடத்தியே கொண்டுவந்தார்.

செம்பழுப்பு நிறம். காது இரண்டும் உள்பக்கமாக வளைந்து நுனி ஒன்றையொன்று தொடும். மஞ்சக்குட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் அதைப் பார்க்கவென்றே வருவார்கள். அதன் நடைதான் விசேஷம். வேகமாகப் போகும், மேலே இருப்பவர் குலுங்க மாட்டார். ரைட்டர் குதிரைமேல் உட்கார்ந்து டம்ளரில் காப்பி குடித்துக்கொண்டே போவார் என்று ஊரில் சொல்வார்கள். அது கொஞ்சம் கூடுதல். ஆனால் என்னை முன்னால் உட்காரவைத்து ஓட்டும்போது நான் தூங்கிப்போயிருக்கிறேன், அது நிஜம்.

அது என்ன இனம் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. மாட்டில் ஜாதி பார்ப்பார்கள், ஆட்டில் பார்ப்பார்கள். ஏற்காட்டில் குதிரை என்றால் குதிரை, அவ்வளவுதான்.

3

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பதிவு அலுவலகத்தில் பேர் கேட்டார்கள். "மேரி" என்றேன். எதிரில் இருந்தவர் உதட்டைக் கடித்துக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்தார். வேலைக்குச் சேர்ந்த இடத்தில் பாட்டிமார்களிடம் "நான் மேரி" என்றால் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொள்வார்கள். கடைசியில் கூட வேலை செய்கிறவள் ஒருத்திதான் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். மேரி என்றால் இவர்கள் பேச்சில் பெட்டைக்குதிரை. அதுவும் மரியாதையான வார்த்தை இல்லை. கோபத்தில் பெண்களைத் திட்டவும் அதைத்தான் சொல்வார்களாம். அன்று முதல் வேலையிடத்தில் நான் மரியா.

இன்னொரு விஷயத்தில் இந்த ஊர் நம் ஊர் மாதிரி. இங்கே அநேகமாக யாருக்கும் குடும்பப் பேர் கிடையாது. அப்பா பேருக்குப் பின்னால் மகன், மகள் என்று ஒட்டிக்கொள்வார்கள். நம் இனிஷியல் மாதிரிதான். அனிதா இங்கே அனிதா ஜோசப்ஸ்டோட்டிர், ஜோசப்பின் மகள். அப்பாவின் விசா விண்ணப்பம், குடும்பப் பேர் என்ற கட்டம் காலியாக இருக்கிறது என்று திரும்பி வந்தது. அப்பா அதற்காக இன்னொரு தடவை சென்னைக்கு பஸ் ஏறினார். இங்கே இறங்கிய பிறகு அதை யாரும் கேட்கவே இல்லை.

இந்த மொழியில் மரியாதைப் பன்மையும் இல்லை. நாட்டின் தலைவரையும் 'நீ' என்றுதான் கூப்பிட வேண்டும். அதனால் அனிதாவின் தமிழிலும் எல்லோரும் 'நீ'. "தாத்தா, நீ சாப்புட்டியா?" என்பாள். நான் கண்டிப்பேன். அப்பா, "உட்டுரு கண்ணு, கேக்கறாளே, அது போதாதா" என்பார்.

4

அனிதா பத்து வயதிலிருந்து போய்க்கொண்டிருக்கும் குதிரைப் பண்ணை எங்கள் ஊரிலிருந்து பத்து நிமிஷம். பண்ணைக்காரி சிக்ருன், அறுபதைத் தாண்டியவர், கணவர் இல்லை. அப்பா வந்த மூன்றாம் நாளே அங்கே கூட்டிப்போனோம். நான் வேலி ஓரம் தள்ளி நின்றேன். அப்பா குரல் கொடுத்து "மேரி" என்று கூப்பிட்டதும் சிக்ருன் நிமிர்ந்தார். விஷயம் தெரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்பாவும் சிரித்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை, ஆனால் அதற்குப் பிறகு அது ஒரு குறையாகவே படவில்லை.

அங்கே அனிதா பழக்கிய குதிரை ஒன்று இருந்தது. சின்னக் குட்டியாக இருந்தபோதிலிருந்து அவள் கையில் வளர்ந்தது. இவர்கள் பழங்கதையில் வரும் காற்றின் பேர் அதற்கு. எழுத்தில் காரி மாதிரி இருக்கும், சொல்லும்போது கௌரி.

"ஆண்குதிரைக்குக் கௌரின்னு பேரா?" என்று அப்பா கேட்டார். அதைச் சுற்றி வந்து, கழுத்தை, நெற்றியை, விலாவைத் தடவித் தடவிச் சுழி தேடினார். மாடு வாங்கப் போனவர் மாதிரி இருக்கிறதே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் அனிதா கேட்டுவிட்டு ஆச்சரியப்பட்டாள். இங்கே கால்நடை மருத்துவர்களும் குதிரையின் அடையாள ஏட்டில் சுழி எங்கெங்கே இருக்கிறது என்று குறிப்பார்களாம். ஒரு குதிரையின் சுழி மாதிரி இன்னொன்றுக்கு இருக்காது, நம் கைரேகை மாதிரி. நல்ல சுழி, கெட்ட சுழி என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது. நெற்றிச் சுழி நல்லது என்று அப்பா சொன்னதை அவள் மொழிபெயர்த்தாள். சிக்ருன் அதைச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார்.

அப்புறம் நிறம். குதிரை நிறத்துக்கு மட்டும் இந்த மொழியில் நூற்றுக்கு மேல் வார்த்தைகள் இருக்கின்றன என்பார்கள். அனிதா ஒவ்வொன்றாகச் சொல்லித் தமிழில் என்ன என்று கேட்டாள். அப்பா நம் பக்கத்து மாட்டு நிறங்களை எடுத்துக் கொடுத்தார். இந்தச் சிவப்பு செவலை, இந்தச் சாம்பல் மயிலை, அந்தக் கறுப்பு காரி. தொலைவில் நின்ற ஒன்றைப் பார்த்து, "அது மயிலையும் இல்லை, காரியும் இல்லை. காப்பிக்கொட்டையைப் பாதி வறுத்து எடுத்தாப்பல இருக்குது" என்றார். அந்தக் குதிரைக்குப் பண்ணையில் இப்போது அதுதான் பேர். பாதி வறுத்தது.

வீட்டில் இருவரும் சோபாவில் உட்கார்ந்து உலகத்துக் குதிரைகளையெல்லாம் டேப்லெட்டில் பார்த்தார்கள். பொன் தகடு போர்த்தியது போல் மின்னுகிற துர்க்மேனியக் குதிரை. பிடரி மயிர் தூரிகை மாதிரி நிமிர்ந்து நிற்கும், இதுவரை யாரும் பழக்காத மங்கோலியக் காட்டுக்குதிரை. கால்களில் மட்டும் வரி போட்ட சோமாலியாவின் காட்டுக்கழுதை. குஜராத்தின் உப்புவெளியில் கூட்டமாக ஓடும் நம் நாட்டுக் காட்டுக்கழுதையைப் பார்த்ததும் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். இத்தனை அழகான ஒன்று இந்தியாவில் இருக்கிறது என்பதை ஐஸ்லாந்துக்கு வந்தா தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார்.

ஒரு நாள் அனிதா ஓடி வந்து ஒரு படத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். உள்ளே வளைந்து நுனி தொடும் காதுகள். மார்வாரி என்று ஒன்று, கத்தியவாரி என்று ஒன்று. இரண்டும் மேற்கிந்தியக் குதிரைகள், உலகத்தில் வேறு எதற்கும் இந்தக் காது கிடையாதாம். குலுங்காத நடையும் உண்டு என்று எழுதியிருந்தது. சிட்டுவுக்கு அந்த ரத்தம் இருந்திருக்க வேண்டும் என்றாள். அப்பா படத்தை வெகுநேரம் பார்த்தார். இருக்கலாம், ஆனால் வித்தவன் அப்படிச் சொல்லவில்லையே என்றார். "கடிக்காது, உதைக்காதுன்னு மட்டுந்தான் சொன்னான். ரெண்டுமே பொய்."

5

ஆகஸ்டில் சிக்ருன் அப்பாவைக் குதிரையில் ஏற்றிவிட்டார். எழுபத்திரண்டு வயதில் வேண்டாம் என்று நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை. குரங்குக்குல்லாய்க்கு மேல் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, வயதான சாதுவான குதிரை ஒன்றில் ஏறினார். அனிதா பக்கத்தில் கௌரியில். முதலில் நடை. பிறகு இந்த நாட்டுக் குதிரைகளுக்கே உரிய ஒரு நடை இருக்கிறது, எப்போதும் ஒரு குளம்பாவது தரையில் இருக்கும், வேகம் கூடினாலும் முதுகு அசையாது. குதிரை அதற்கு மாறியபோது அப்பா என் பக்கம் திரும்பினார். நான் சின்ன வயதில் பார்த்த ரைட்டர் அந்த முகத்தில் இருந்தார். இருவரும் ஓடைவரை போய்விட்டு மெதுவாகத் திரும்பி வந்தார்கள்.

அன்று மாலை சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே அப்பா கேட்டார். "அனிதா செருமனி போறது எந்த மாசம் கண்ணு?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்குத் தெரியாது என்பது அவருக்கு விளங்கியதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

விஷயம் இதுதான். சிக்ருனால் இனி இத்தனை குதிரைகளைப் பராமரிக்க முடியாது. கௌரியை ஜெர்மனியில் ஒரு பண்ணைக்கு விற்றிருந்தார். இந்த நாட்டை விட்டு ஒருமுறை வெளியே போன குதிரை மறுபடி உள்ளே வர முடியாது. அதுவும் சட்டம், அதே நோய் பயம்தான். எத்தனை பெரிய பந்தயத்தில் ஜெயித்தாலும் போன இடத்திலேயே இருக்க வேண்டியதுதான். அந்தப் பண்ணையில் அனிதாவுக்கும் வேலை கொடுத்திருந்தார்கள். அவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. இங்கே அதற்குப் பிறகு அப்பா அம்மா கையெழுத்து எதற்கும் தேவையில்லை.

அவள் அறைக்குப் போய், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். என்னிடம் சொல்லாமல், அரைகுறைத் தமிழில் தாத்தாவிடம் சொல்வானேன்?

அவள் ஐஸ்லாந்து மொழியில்தான் பதில் சொன்னாள். இந்த மொழியில் அவளுக்கு எல்லா வார்த்தையும் தெரியும், அதனால் எங்கே தொடங்கினாலும் விளக்கம், சமாதானம், வாதம் என்று நீண்டுவிடுகிறது. தமிழில் அவளிடம் கொஞ்சம் வார்த்தைதான் இருக்கிறது. அதனால் சொல்ல முடிந்தது. என்ன சொன்னாய் என்றேன். அதைத் தமிழிலேயே சொன்னாள்.

"நான் போகோணும் தாத்தா. அம்மா அழுவும்."

6

அழவில்லை. கோபம்தான் வந்தது. மறுநாள் வேலை முடிந்ததும் நேரே பண்ணைக்குப் போய், விற்பனையை ஒரு வருஷம் தள்ளிப்போடச் சொல்லிச் சிக்ருனைக் கேட்டேன். அவர் எனக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தார். வாங்க வந்தவர்கள் வேறு குதிரையைப் பார்க்கத்தான் வந்தார்கள் என்றார். அனிதா கௌரியை ஓட்டிக் காட்டியதைப் பார்த்ததும், அந்தப் பெண் எங்களிடம் வேலைக்கு வருவாளா என்றுதான் முதலில் கேட்டார்களாம். அவளுக்குத் துணையாக இருக்கட்டும் என்றுதான் கௌரியைக் கொடுக்க அவரும் சம்மதித்தார். இல்லாவிட்டால் கௌரியை விற்கிற எண்ணமே அவருக்கு இல்லை.

வீட்டுக்கு வந்தேன். அப்பா வாசலில் நின்று எதிர்மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த நாட்டுக்குக் கிளம்பி நான் சேலத்தில் ரயில் ஏறிய நாளைப் பற்றி அவரிடம் அதுவரை கேட்டதே இல்லை. அன்று கேட்டேன். "என்னைய ஏம்ப்பா தடுக்கலை?"

அவர் யோசித்தார். "தடுக்கோணும்னுதான் இருந்துச்சு கண்ணு. எப்படித் தடுக்கறதுன்னு தெரியலை. யோசிச்சு முடிக்கறதுக்குள்ள ரயிலு போயிருச்சு."

அதற்குமேல் நல்லது கெட்டது, விதி, காலம் என்று எதையாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். இரவுச் சாப்பாட்டின்போது அனிதாவிடம், அங்கே குளிர் இங்கிருப்பதைவிடக் குறைவு, தடித்த கோட்டு வேண்டாம் என்றேன். அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஜோசப் எழுந்துபோய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து, மூடி, திரும்பி வந்து உட்கார்ந்தார்.

செப்டம்பரில் லாரி வந்தது. குதிரைகளைத் தெற்கே கொண்டுபோய் விமானத்தில் ஏற்றுவார்கள். ஜன்னலில்லாத பெட்டிக்குள் நின்றுகொண்டே பறக்கும். கௌரி சரிவுப் பலகையில் ஒரு காலை வைத்துவிட்டு நின்றது. அனிதா இழுக்கவில்லை. பக்கத்தில் நின்று, அது முகர்ந்து முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து ஏறினார்கள், அதை உள்ளே கட்டிவிட்டு அவள் மட்டும் இறங்கினாள். சிக்ருன் கொட்டகைச் சுவர்ப் பக்கம் திரும்பி எதையோ சரிசெய்வதுபோல் நின்றார். அப்பா போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டார்.

லாரி கிளம்பியதும் அனிதா என்னிடம் வந்தாள். "கௌரிதான் வரக்கூடாது அம்மா. நான் வரலாம்" என்றாள். அந்த வாரக் கடைசியில் அப்பா ஏற்காட்டுக்குக் கிளம்பினார். அடுத்த வாரம் அவளும் போனாள்.

7

இப்போது நவம்பர். காலையில் பத்து மணிக்குத்தான் வெளிச்சம் வருகிறது. முதியோர் இல்லத்தில் மாத்திரை கொடுத்து முடித்து நான் ஜன்னல் பக்கம் வரும்போது அனிதா போன் செய்வாள். அங்கே அவளுக்கு அப்போது இடைவேளை. தமிழும் ஐஸ்லாந்து மொழியும் கலந்துதான் பேசுகிறோம். அங்கே எல்லாத் தாளிலும் ஜோசப்ஸ்டோட்டிர் என்பதைக் குடும்பப் பேராக எழுதிவிட்டார்களாம், நானும் அவர்களுக்குத் திருமதி ஜோசப்ஸ்டோட்டிர். ஜெர்மன் இன்னும் வாயில் வரவில்லை. ஐஸ்லாந்து மொழி பேசுவதற்கு அந்த ஊரில் கௌரி ஒருத்தன்தான் என்றாள்.

இந்தத் தீவில் இல்லாத சின்னப் பூச்சிகள் அங்கே கடிக்கின்றன. அதற்குப் பழக்கமில்லாத கௌரிக்கு முதல் மாதம் உடம்பெல்லாம் அரிப்பு. குளிர் வந்த பிறகு அது அடங்கியிருக்கிறது. தன் இனத்தைத் தவிர வேறு குதிரையையே பார்த்திராதவன், இப்போது பக்கத்தில் யானை மாதிரிக் கால் வைத்த வண்டிக்குதிரை, நாயைவிடக் கொஞ்சம் பெரிய மட்டக்குதிரை எல்லாவற்றோடும் இருக்கிறான். அவற்றையெல்லாம் சமாளித்துவிட்டானாம். போன வாரம் அடுத்த வயலில் ஒரு கழுதையைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். ஐஸ்லாந்தில் கழுதையே கிடையாது.

"முதல் நாள் கழுதை கத்துச்சு அம்மா. இவன் வயலோட அந்தக் கடைசிக்கு ஓடிட்டான். ரெண்டாவது நாள் ஓடலை. ஆனா தூரத்துல நின்னு பாத்துட்டே இருந்தான், நாள் முழுக்க. தின்னவே இல்லை. மூணாவது நாள் அவனே போய் வேலிக்கு மேல மூக்கை நீட்டினான். இப்ப அதை விட்டுட்டு வர மாட்டேங்கறான்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன். சாப்பாடெல்லாம் ஒத்துப்போகிறதா, கூட வேலை செய்கிறவர்கள் எப்படி என்று கேட்டேன். நல்லவர்கள் என்றாள். எல்லோரும் நன்றாகத்தான் பேசுகிறார்கள் என்றாள்.

"சரி, நீ எப்படி இருக்கே?"

போனில் அவளுக்குப் பின்னால் யாரோ வாளியை இழுக்கும் ஓசை கேட்டது.

"நான் இன்னும் ரெண்டாவது நாள்லதான் இருக்கேன் அம்மா" என்றாள்.